அறைவதா, புகார் கொடுப்பதா?

ஏற்காடு பஸ்ஸில் பின்னால் நின்றவன் ஆபாசமாகப் பேசிக்கொண்டே வந்தான். கம்பியைப் பிடித்திருந்த என் தங்கை மகளின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. இறங்கியதும், "அறைந்திருக்கலாமா, பெரியம்மா?" என்று கேட்டாள்.

உடனடிப் பலன்
அறை: வாய் மூடலாம், திருப்பியும் அடிக்கலாம். கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து.
புகார்: எழுந்து நின்று, "என்ன சொன்னாய், சத்தமாகச் சொல்" என்று கேட்டாலே நடத்துநரும் பயணிகளும் சாட்சிகளாகிவிடுகிறார்கள்.

சட்டம்
புகார்: பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்குப் இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவில் 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு.
அறை: காயப்படுத்தியதாக அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவில் நம் மீதே வழக்கு வரலாம். திடீர்க் கடும் ஆத்திரமூட்டல் என்று நிரூபித்தால் 122-ஆம் பிரிவு தண்டனையைக் குறைக்கும், குற்றம் நீங்காது. வெறும் சொல்லுக்குத் தற்காப்பு உரிமை கிடையாது. இது எனக்கும் கசக்கிறது.

அலைச்சல்
புகாருக்கு நிச்சயம் உண்டு. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால் வழிகாட்டுவார்கள்.

பேச்சோடு நின்றால் குரலும் புகாரும். தொட வந்தால் தடுக்கத் தேவையான அளவுக்கு அடி; அதற்குத் தயங்காதே என்றேன் அவளிடம்.