கல்லில் தெரியும் இலை: டெண்ட்ரைட்டா, புதைபடிவமா?

தோட்டத்துச் சாலைக்கு மேடு வெட்டும்போது உடையும் கல்லில் சில நேரம் கறுப்பாகப் பெரணி இலை மாதிரி ஒன்று தெரியும். பார்த்ததும் "கோடி வருசத்துச் செடி" என்று சொல்லிவிடுவோம். அது உண்மையிலேயே செடியாக இருக்கலாம். டெண்ட்ரைட் என்கிற கனிமப் படிவாகவும் இருக்கலாம். மலேசியாவில் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா போன்ற ஊரில் இரண்டுக்குமே வாய்ப்பு உண்டு. அதே வட்டாரத்தில் உள்ள பத்து ஆராங் என்ற ஊரில் 1960 வரை நிலக்கரி தோண்டினார்கள். கரியோடு அடுக்கடுக்காகக் கிடக்கும் களிப்பாறையில் நிஜ இலைகளின் அச்சு உண்டு. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரோ பெரும்பாலும் கருங்கல்.

அதனால் படத்தைப் பார்க்கும் முன் பாறையைப் பாருங்கள். கருங்கல் என்பது பூமிக்கடியில் உருகிக் கிடந்த குழம்பு இறுகி உண்டானது. அதற்குள் எந்த இலையும் தப்பியிருக்க வழியில்லை. கருங்கல் வெடிப்பில் எவ்வளவு அழகான பெரணி தெரிந்தாலும் அது புதைபடிவம் ஆகாது. களிப்பாறை, மணற்பாறை, சுண்ணாம்புக்கல் என்றால்தான் சிக்கல், ஏனென்றால் அவற்றில் இரண்டும் வரும். ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவையின் புதைபடிவம் கிடைத்த ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல், டெண்ட்ரைட்டுக்கும் அதே அளவு பேர்போனது.

டெண்ட்ரைட் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மாங்கனீஸ் கரைந்த நிலத்தடி நீர் மெல்லிய வெடிப்புக்குள் கசிந்து, ஆக்சிஜன் பட்டதும் கறுப்பு ஆக்சைடாகப் படிகிறது. படிவில் கொஞ்சம் துருத்தி நிற்கும் நுனிக்குத்தான் அடுத்த துகள் முதலில் போய்ச் சேரும். பின்னால் இருக்கும் குழிக்கு ஒன்றும் எட்டாது. நுனி நீள்கிறது, பிரிகிறது, மறுபடி பிரிகிறது. அலைந்து திரியும் துகள்கள் ஒட்டிக்கொண்டாலே இப்படிக் கிளைகள் பிறக்கும் என்று விட்டன், சாண்டர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1981இல் காட்டினார்கள். டெண்ட்ரைட்டின் கறுப்புக் கனிமம் பைரோலுசைட் என்ற மாங்கனீஸ் ஆக்சைடு என்று இன்னும் பல இடங்களில் எழுதுகிறார்கள். பாட்டர், ராஸ்மன் இருவரும் 1979இல் சோதித்தபோது கிடைத்தவை ரோமனசைட், டோடோரோகைட் போன்ற வேறு மாங்கனீஸ் ஆக்சைடுகள்.

இந்த வளர்ச்சி முறையிலிருந்தே எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. டெண்ட்ரைட்டின் கிளைகள் பிரியும், ஆனால் திரும்பச் சேராது. கொய்யா, ஆல் போன்ற அகன்ற இலைகளின் நரம்புகளோ ஒன்றோடொன்று சேர்ந்து வலைக்கண் போடும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் மூடிய கட்டங்கள் தெரிந்தால் இலை பக்கம் சாயலாம். ஒரு எச்சரிக்கை: பெரணிகள் பலவற்றில் நரம்பு சேராமலே ஓடும். அப்போது நடுநரம்பையும், இரு பக்கமும் ஒழுங்காக வரும் சிற்றிலைகளையும், தெளிவான விளிம்பையும் தேட வேண்டும். டெண்ட்ரைட்டில் இவை இருக்காது. பெரும்பாலும் வெடிப்பின் ஓரத்தில் வரிசையாகத் தொடங்கி உள்நோக்கி வளர்ந்திருக்கும்.

இன்னொரு சோதனைக்கு மருந்துக் கடையில் விற்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். ஒரு சொட்டு விட்டதும் மாங்கனீஸ் ஆக்சைடு அதைச் சிதைத்து நுரைக்க வைக்கும். புதைபடிவத்தின் கரிப்படலம் சாதாரணமாக அப்படி நுரைக்காது. ஆனால் கல்லில் உயிருள்ள பாசி ஒட்டியிருந்தால் அதுவும் நுரைக்கும், ஆகவே முதலில் நன்றாகக் கழுவிக் காய வையுங்கள். நல்ல புதைபடிவத்தின் மேல் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

டெண்ட்ரைட், புதைபடிவம் தவிர மூன்றாவதாக ஒன்றும் உண்டு: இணையத்தில் விற்கிற பாசி அகேட் என்ற அலங்காரக் கல். அதிலும் செடி கிடையாது. கண்ணாடி போன்ற சால்செடனி என்ற குவார்ட்ஸ் வகைக் கல்லுக்குள் பச்சைக் கனிமம் மிதக்கிறது, அவ்வளவுதான். உத்தரப் பிரதேசத்தின் பாண்டாவில் ஷஜர் என்ற பெயரில் இதன் நெருங்கிய உறவான மரப்பட அகேட்டைப் பட்டை தீட்டி விற்கிறார்கள். மோதிரத்துக்கு அருமை. பள்ளியில் காட்சிக்கு வைக்க எடுபடாது: கோலம் கல்லுக்குள் புதைந்திருப்பதால் சொட்டுச் சோதனையும் செய்ய முடியாது, வெடிப்பையும் காட்ட முடியாது.

தமிழ்ப்பள்ளியின் அறிவியல் மூலைக்கு ஒன்றே ஒன்று வைக்கலாம் என்றால் என் தேர்வு டெண்ட்ரைட்தான். இலை அச்சைக் காட்டினால் பிள்ளைகள் "ஓ, இலை" என்று நகர்ந்துவிடுவார்கள். டெண்ட்ரைட் அவர்களை நின்று வாதாட வைக்கும். இரண்டு வைக்க முடிந்தால் பக்கத்திலேயே இலை அச்சின் படத்தை வையுங்கள். படம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புதைபடிவத்தை அடுக்கிலிருந்து பெயர்த்தால் எந்தக் காலத்து இலை என்ற துப்பும் அதோடு போய்விடும். அளவுக்கு ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கோ மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்துக்கோ அனுப்புங்கள்.