நகர்ந்த பிறகு எரிந்த விளக்குகள்

இந்த முறை திருநெல்வேலியில் அல்வாவை விடவும் உறவினர்களை விடவும் அதிக நேரம் எங்களுடன் இருந்தவை, மாமாவின் காரில் எரிந்த இரண்டு மஞ்சள் விளக்குகள்தான். ஒன்று, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்; மற்றொன்று, சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் அமைப்புக்கான, சறுக்கும் காரின் படம் போட்ட டிராக்‌ஷன் விளக்கு. கை பிரேக்கையும் பிரேக் ஆயில் குறைவையும் காட்டும் சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதால் பிரேக் பிடிக்கும் என்று தெரியும். ஆனால் மழையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி இழுத்துச் செல்லும். டொராண்டோவின் பனிச் சாலைகளில் பழகியவனுக்கு அது சிறிய விஷயம் அல்ல.

நான் வருவதற்குச் சற்று முன்புதான், ஓடும்போது ஊளையிடுகிறது என்று இடது முன்சக்கரத்தின் பேரிங்கை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் மாற்றியிருந்தார்கள். வண்டி வீடு வந்து சேர்வதற்குள்ளேயே விளக்குகள் எரிந்துவிட்டன. இதைச் சொன்னபோது, வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். குளிரூட்டிய அறை, காபி, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வண்டி என எல்லாம் கனடாவில் இருப்பது போலவே இருந்தன; வண்டியைக் கழற்றிப் பார்க்காமலே விலைப்பட்டியல் தருவது உட்பட. ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும், நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதைப் பார்க்கத் தெரிந்தவர்களையும் கட்டாயமாக்கியிருக்கலாம். வண்டியின் கம்ப்யூட்டரில் செருகிப் பழுதைப் படிக்க மைத்துனன் வைத்திருந்த மலிவான ஓபிடி கருவியோ பழுதே இல்லை என்றது, ஏனென்றால் அந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் பக்கத்துப் பழுதுக் குறியீடுகளை மட்டுமே படிக்கும்.

பிறகு வேய்ந்தான்குளம் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்கு மாமா அழைத்துச் சென்றார். அங்கிருந்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. “அண்ணாச்சி, சாவி போட்டதுமே எரியுதா, வண்டி நகர்ந்த பிறகு எரியுதா?” என்று கேட்டார். சாவி போட்டதும் எல்லா விளக்குகளும் ஒரு கணம் எரிந்து அணைகின்றன, கொஞ்ச தூரம் போன பிறகே இவை இரண்டும் எரிகின்றன என்று மாமா சொன்னார். அப்படியானால் யூனிட்டும் வயரும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும் என்றார் அவர். வயர் அறுந்திருந்தால் நிற்கும்போதே கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும்; சக்கரம் சுற்றியும் அதன் வேகத்தை அளக்கும் சென்சாரிலிருந்து துடிப்பு வரவில்லை என்பது மட்டும் வண்டி ஓடினால்தான் தெரியும்.

அடுத்து, ஏபிஎஸ்ஸையும் படிக்கக்கூடிய ஸ்கேனரை மாட்டி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் பார்த்துக்கொண்டே தெருவில் ஓட்டினோம். மூன்று சக்கரங்கள் இருபதைக் காட்டின. இடது முன்சக்கரம் பூஜ்யத்தில் நின்றது. ஒரு சக்கரத்தின் கணக்கு தவறினால் எது வழுக்குகிறது என்று ஒப்பிட வழியில்லாமல் போவதால்தான், ஏபிஎஸ்ஸோடு டிராக்‌ஷனும் தானாக ஒதுங்கிக்கொள்கிறது.

இக்காலத்து பேரிங்குகள் பலவற்றில் ஒரு பக்கத்து சீலுக்குள்ளேயே, சென்சார் படிப்பதற்கான காந்த வளையம் இருக்கும்; வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும். சென்சார் இருக்கும் பக்கம் அந்த வளையம் வரும்படி அடிக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் அதைத் திருப்பி அடித்துவிட்டார்கள். புதிய பேரிங்கை வாங்கி வந்தபோது, ஒரு குண்டூசியை இரண்டு பக்கமும் வைத்து, எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்று அவர் எங்களுக்குக் காட்டினார். நான் அதைப் பலமுறை வைத்து எடுத்துப் பார்த்தேன்; மாமாவுக்கே பொறுமை போய்விட்டது. பழையதைப் பிதுக்கி எடுத்தால் கெட்டுவிடும் என்பதால் திருப்பிப் போட வழியில்லை. பேரிங் உட்காரும் நக்கிள் என்ற பாகத்தைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் வரும்வரை வெயிலில் காத்திருந்து, பிரஸ்ஸில் வைத்து ஏற்றி வந்தோம்.

எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது. டொராண்டோவில் ஸ்கேனரை மாட்டுவதற்கே அதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். ஆனால் அங்கே ரசீதும், வேலைக்கு எழுத்தில் உத்தரவாதமும் கிடைத்திருக்கும். இங்கே ரசீது கேட்டதற்கு, “எதும்னா கொண்டாங்க அண்ணாச்சி, நான் எங்க போகப் போறேன்” என்ற பதில்தான் கிடைத்தது. அந்தப் பதிலை நம்பித்தான் என் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊரில் வண்டிகள் ஓடுகின்றன என்றாலும், எனக்கு ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டும் போலிருந்தது.

அன்று மாலையே சர்வீஸ் சென்டரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது: வண்டியைப் பரிசோதித்த சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்? பேரிங்கைத் திருப்பி அடித்த கதை முழுவதையும் அவர்களிடம் சொல்லும்படி நான் சைகை காட்டிக்கொண்டிருக்க, மாமா பத்து என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். குறைத்துச் சொன்னால் மேசையில் இருக்கும் பையனின் சம்பளத்தில் கை வைப்பார்களாம்.