டிரைக்கோடெர்மா விரிடி தூள்: கொரியன் புல்தரைக்கு எந்த அளவுக்கு உதவும்?

கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டின் முன்புறம் ஏறக்குறைய ஒரு சென்ட் பரப்பில் கொரியன் புல் வளர்த்திருக்கிறோம். சேர்வராயன் மலையின் அடிவாரம் என்பதால், வடகிழக்குப் பருவமழை நாட்களில் வெயில் ஏறிய பிறகும் புல்லின் ஈரம் எளிதில் காய்வதில்லை. பூசண நோய்க்கு அதுவே போதும். சேலத்து உரக்கடைகளில் கிடைக்கும் டிரைக்கோடெர்மா விரிடி தூளை இந்தப் புல்தரையில் பயன்படுத்திப் பார்த்து எழுதும் மதிப்புரை இது.

டால்க் தூளில் கலந்து விற்கப்படும் இது, மண்ணிலுள்ள நோய்ப் பூசணங்களைத் தாக்கி அழிக்கும் நன்மை செய்யும் பூசணம். ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிர்வித்துகள் இருக்க வேண்டும் என்பது தர அளவு. விலை மலிவுதான். ஆனால் உறையில் நிலக்கடலை, பருத்தி, பயறு வகைகளுக்குத்தான் பரிந்துரை உண்டே தவிர, புல்தரை பற்றி ஒரு வரிகூட இல்லை. ஹெக்டேருக்கு 2.5 கிலோ தூளை 50 கிலோ தொழு உரத்தில் கலந்து இடலாம் என்ற பொதுவான பரிந்துரையைக் கணக்கிட்டால், சென்ட்டுக்கு வெறும் 10 கிராம் தூளும் 200 கிராம் எருவும்தான் வருகின்றன. அவ்வளவு குறைந்த எருவைச் சீராகத் தூவ முடியாது என்பதால், சலித்த தொழு உரத்தைக் கூடுதலாகச் சேர்த்து மழைக்கு முன்பே தூவினேன்.

பலன் நோயைப் பொறுத்தது. புல் வட்டமாகப் பழுத்து, விளிம்பில் செம்பழுப்பு நிறம் காட்டி, இழுத்தால் இலையுறை அடியில் அழுகிக் கழன்று வருமானால் அது ரைசோக்டோனியா என்ற மண் பூசணத்தின் வேலை. அந்த வட்டங்கள் மேலும் பரவாமல் நின்றன. நீர் பாய்ச்சுவதை மாலையிலிருந்து காலைக்கு மாற்றியதற்கும் இதில் பங்குண்டு என்பதால், முழுப் பெருமையையும் தூளுக்குக் கொடுக்க மாட்டேன். செத்த புல் பிழைக்கவில்லை. ஓரத்திலிருந்து புதுத் தண்டு ஓடித்தான் அந்த இடம் மூடியது.

இலையில் வரும் நோய்களுக்கு இதை நம்ப வேண்டாம். நடந்தால் செருப்பில் ஆரஞ்சுப் பொடி ஒட்டும் துரு நோய்க்கும், இலையின் குறுக்கே வெளிறி ஓரம் செம்பழுப்பாகும் டாலர் ஸ்பாட் நோய்க்கும் மண்ணில் இடும் தூளால் கைமேல் பலன் கிடைக்காது. டாலர் ஸ்பாட் தழைச்சத்துக் குறைந்த புல்லில்தான் அதிகம் வரும் என்பதால், அளவோடு யூரியா இட்டாலே பெரும்பாலும் தணியும். ஆனால் அதே யூரியா ரைசோக்டோனியாவைத் தூண்டிவிடும். புல் பாய் போலச் சுருண்டு கையோடு வந்தால் நோயே இல்லை. அடியில் வெள்ளைப் புழு வேரைத் தின்றிருக்கும்.

எந்தப் பழுப்புக்கும் கார்பென்டாசிம் என்ற ரசாயனப் பூசணக்கொல்லியை எடுத்துக் கொடுப்பது கடைகளில் வழக்கம். பித்தியம் என்ற, பூசணம் போன்ற நுண்ணுயிரியால் வரும் அழுகலுக்கு அது வேலை செய்யாது; டிரைக்கோடெர்மாவையோ அது கொன்றுவிடும். ஆகவே இரண்டையும் கலக்கவோ, அடுத்தடுத்து இடவோ கூடாது. இந்த எச்சரிக்கை உறையில் பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும். டிரைக்கோடெர்மா தூள் உயிருள்ள பொருள் என்பதால் சில மாதங்களே தாங்கும். சேலம் வெயிலில் கடை வாசலில் அடுக்கியிருக்கும் உறைகளைத் தவிர்த்து, தயாரிப்புத் தேதி அண்மையதாக உள்ளதை உள்ளே நிழலிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.