நெட் இல்லாத 84 நாள் ரீசார்ஜ்: 5க்கு 3.5

தம்பி சேலம் அஸ்தம்பட்டி சென்ட்ரல் ஜெயிலில் இருக்கிறான். மனு போட்டுப் பார்க்கப் போனால் எனக்குப் பட்டறையில் ஒரு நாள் கூலி போச்சு. சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற வேலை. அதனால் போன்தான். அவன் கூப்பிட்டால் உண்டு, நாம் திரும்பக் கூப்பிட முடியாது. எழுதிக் கொடுத்த நம்பருக்கு மட்டுமே வரும், அதனால் அந்த நம்பரை விடவும் முடியாது.

மாசியில் 28 நாள் பேக் முடிந்ததைக் கவனிக்கவில்லை. இன்கமிங்கும் நின்றுவிட்டது. அடுத்த மனுவில், "என்னக்கா, கோபமா?" என்றான். எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம்தான் ரீசார்ஜ் கடை அண்ணன் சொன்னார். 2024 டிசம்பரில் போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிற டிராய் ஆணையம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, பேசுவதற்கு மட்டும் தனி பேக் வந்திருக்கிறதாம். 469 ரூபாய், 84 நாள். முன்பு 199 வீதம் மூன்று தடவை, 597 ஆகும். மிச்சம் 128, மனுவுக்குப் பழம் வாங்க ஆச்சு.

குறை? ஆப்பில் இதை எங்கோ அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். மொத்தமாக 469 எடுத்து வைப்பதும் லேசில்லை. கடை அண்ணன் இரண்டு தவணையாக வாங்கிக்கொள்கிறார். வாட்ஸ்அப் ஓடாது என்று மகன் முணுமுணுக்கிறான். முணுமுணுக்கட்டும். முடியும் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன்.