வெளி லைப்ரரிகள்: எந்த மொழியில் நிம்மதியாகத் தூங்கலாம்?

பிறர் எழுதிவைத்த நிரலை எடுத்து நம் நிரலுக்குள் சேர்த்துக்கொண்டால் அதுதான் வெளி லைப்ரரி. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற லைப்ரரியை அதை எழுதியவரே ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து நீக்கினார். ஒரு சரத்தின் (எழுத்துத் தொடரின்) இடப்பக்கத்தில் இடைவெளியோ சுழியமோ சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. மொத்தம் 11 வரி. அதைச் சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள், பேபல் என்ற பிரபலக் கருவி உட்பட, தடுமாறின. மொழிக்குள்ளேயே இருந்திருக்க வேண்டிய வசதி அது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அதே வேலையைச் செய்யும் பேட்ஸ்டார்ட் வந்தது 2017-இல்தான்.

அதைவிட எனக்குக் கவலை தருவது பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை. தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் கேரட் குறி (^) இருந்து, துல்லியமான பதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பு இல்லாவிட்டால், என்பிஎம் அதே முதன்மைப் பதிப்புக்குள் ஆகப் புதியதை எடுத்துக்கொள்ளும். 2022 ஜனவரியில் கலர்ஸ் லைப்ரரிக்குள் அதன் ஆசிரியரே முடிவில்லாத லூப் ஒன்றை வைத்து வெளியிட்டபோது, பலரது திட்டங்களுக்குள் அது நுழைந்தது இந்த வழியாகத்தான்.

கோ மொழி இதற்கு நேர்மாறு. தேவையை நிறைவேற்றும் பதிப்புகளில் ஆகப் பழையதையே அது எடுக்கும்; நாம் கட்டளையிடாமல் புதியது உள்ளே வராது. இறக்கியதன் ஹாஷ் (கைரேகை போன்ற அடையாளக் குறி) கோ.சம் கோப்பில் பதிவாகும், மறுமுறை ஒப்பிடப்படும். என்பிஎம்மில் போஸ்ட்இன்ஸ்டால் என்ற கட்டளை மூலம் நிறுவும்போதே அந்நிய நிரல் ஓடலாம்; ரஸ்ட்டில் பில்ட்.ஆர்எஸ் கோப்பு தொகுக்கும்போது ஓடும். கோ மொழியில் ஒரு லைப்ரரியை இறக்கினாலும் தொகுத்தாலும் அதன் நிரல் ஓடாது. இது மிகப் பெரிய பாதுகாப்பு. ஹெச்டிடிபி சர்வர், ஜேசன், குறியாக்கம், சோதனைக் கருவி எல்லாம் மொழியோடே வந்துவிடுகின்றன.

ரஸ்ட்டில் தற்செயல் எண்ணுக்குக்கூட வெளியே போக வேண்டும். ராண்ட், ரெஜெக்ஸ், செர்டே எல்லாம் தனித்தனிக் கிரேட்டுகள், அதாவது ரஸ்ட் லைப்ரரிகள். ஆனால் அவற்றின் களஞ்சியமான கிரேட்ஸ்.ஐஓவில் ஒரு பதிப்பை 'யாங்க்' செய்தாலும் (புதிதாக யாரும் எடுக்காதபடி விலக்கினாலும்), லாக் கோப்பில் அதை வைத்திருப்பவர்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும். லெஃப்ட்-பேட் கதை அங்கே எளிதில் நடக்காது. அத்தனை பேரின் நிரலையும் யார் படித்துப் பார்ப்பது என்பதுதான் என் தயக்கம்.

எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்ற பைத்தானின் பெருமைக்கும் விலை உண்டு. உள்ளே போனது எளிதில் வெளியேறாது. ஹெச்டிடிபி வேலைக்கு ரிக்வெஸ்ட்ஸ் என்ற வெளி லைப்ரரியைப் பாருங்கள் என்று அதன் ஆவணமே வழிகாட்டுகிறது. சிஜிஐ, டெல்நெட்லிப் உள்ளிட்ட 19 பழைய தொகுதிகளை 2024-இல் வந்த 3.13 பதிப்பில்தான் நீக்கினார்கள்.

இரண்டு மூன்று பேர் ஆண்டுக்கணக்கில் பராமரிக்க வேண்டிய சர்வர் என்றால் நான் தயங்காமல் கோ மொழியைச் சொல்வேன். தரவு வேலை என்றால் நம்பை, பாண்டாஸ் போன்ற தரவு லைப்ரரிகள் இருக்கும் பைத்தானுக்குத்தான் போக வேண்டும். பதிப்புகளை மட்டும் முதல் நாளே பூட்டிவிடுங்கள்.