குன்னூரில் கார் சீட் லம்பார் வேலை: ஃபோமை மாற்றும் முன்

விடுமுறைக்கு ஊருக்கு வந்து, மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வீட்டுக் காரை மலைப்பாதையில் ஓட்டினால் முதலில் இடுப்புதான் பிடிக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்சை மிதிக்க மிதிக்க முதுகு சீட்டை விட்டு விலகும். சீட் முதுகுக்குள் இருந்து இடுப்பைத் தாங்குவதுதான் லம்பார்; பெரும்பாலும் பக்கத்து நாப்பைச் சுற்றினால் ஒரு கேபிள் இழுத்து, உள்ளே ஒரு தகடு புடைக்கும். அது வேலை செய்யாவிட்டால் அந்த இடைவெளியில் தாங்கல் இருக்காது.

குன்னூர், ஊட்டி குஷன் கடைகளில் தையல் வேலை சுத்தம். ஆனால் ‘சீட் அமுங்கிடுச்சு’ என்று போய் நின்றால் புது ஃபோம்தான் போடச் சொல்வார்கள். பழுது பெரும்பாலும் கேபிளில் இருக்கும். பக்கத்து நாப் பிடிப்பில்லாமல் சுற்றினால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது அதன் முனைக் குண்டு கழன்றிருக்கும். இறுகிப்போய்த் திரும்பாவிட்டால் கேபிள் உறைக்குள் துரு. நம் ஊர் ஈரத்தில் சும்மா நிற்கும் வண்டிக்கு அது சகஜம். பலம் போட்டுத் திருப்பாதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல் உடைந்துவிடும்.

சீட்டில் ஏர்பேக் இருந்தால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். பிறகுதான் அடியில் உள்ள மஞ்சள் கனெக்டரையும் நான்கு போல்ட்டையும் தொட வேண்டும். சீட் வெளியே இருக்கும்போது சாவியைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரியும். அதை அணைக்க ஸ்கேனர் தேடி அலைய வேண்டியிருக்கும். இதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கம்பெனி கேபிள் தனியாகக் கிடைப்பது அரிது. சைக்கிள் பிரேக் கேபிளின் 1.5 மில்லிமீட்டர் உள்கம்பி போதும். கம்பிப் பிரிகளை விரித்து, குண்டுக்குள் வைத்து ஈயம் பற்ற வைப்பதே நிற்கும்; ஸ்க்ரூ வைத்த குண்டு நாளடைவில் வழுக்கும். எவர்சில்வர் கம்பியில் சாதாரண ஈயம் பிடிக்காது, துத்தநாகம் பூசியதைக் கேளுங்கள். வெளி உறையைப் பழையதோடு வைத்து அளந்து வெட்ட வேண்டும். நீளம் கூடினால் தகடு எப்போதும் புடைத்தே நிற்கும். குறைந்தால் நாப்பின் பாதிச் சுற்று வீண். தகட்டின் கொக்கி உடைந்திருந்தால் கட்டுக்கம்பி போட்டு முறுக்கிவிடுவார்கள். அந்த முனை ஃபோமை அறுக்கும், வளைவுக்கு வளைவு கிறீச்சிடும். அந்த இடத்தில் ஒரு துண்டு கார்பெட்டாவது வைக்கச் சொல்லுங்கள்.

ஃபோம் கிழிந்திருந்தால் மட்டும் ஒட்டுவேலை. அதையும் வெயில் அடிக்கும் நேரத்தில் செய்யச் சொல்லுங்கள். மூடுபனியில் எஸ்ஆர் (செயற்கை ரப்பர்) பசை பூசினால் மேலே ஈரம் படிந்து வெளுக்கும், பிடிப்பு வராது.

கேபிளுக்குப் பதில் காற்று நிரப்பும் பை இடுப்பைத் தாங்கும் லம்பார் உள்ள வண்டியில் இன்னொரு விஷயம் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே நிரப்பிய பை மேலே போனதும் விறைக்கும், மேலே நிரப்பியது கீழே இறங்கியதும் தளரும். கோவைக்கு இறங்கியதும் தளர்ந்துவிட்டதென்று பையை மாற்றிவிடாதீர்கள். ஒரே இடத்தில் நிரப்பி, இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் மட்டும் சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டையைத் தேடலாம்.