அலமாரிக் கதவில் கண்ணாடி ஒட்டும் முன்: தருமபுரியில் நான் ஏமாந்த கதை

இலக்கியம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டு அலமாரிக்கு ஸ்லைடிங் கதவுகள் இரண்டு. ஒவ்வொன்றும் 7 அடி உயரம், 3 அடி அகலம். பாலக்கோட்டு ஆசாரி ஒருவர் செய்து கொடுத்தது, ஐந்து வருடமாக ஒரு குறையும் இல்லை. புடவைக் கொசுவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆளுயரக் கண்ணாடி வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான். ஆடித் தள்ளுபடி என்று பலகை வைத்திருந்த ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம்.

"5 மி.மீ. கண்ணாடி அக்கா, சதுர அடி 200 ரூபாய், ஒட்டுக்கூலியும் அதிலேயே அடக்கம்" என்றார் கடைக்காரத் தம்பி. 42 சதுர அடிக்கு 8,400. முன்பணமாக 6,000 கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவர் உயரத்தையும் அகலத்தையும் மட்டும் அளந்தார். கதவின் எடையைக் கேட்கவில்லை. இரண்டு கதவுகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இதற்கு முன் எத்தனையோ வீட்டில் ஒட்டியிருக்கிறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் மயங்கினேன்.

ஒட்டிய அன்று அறை முழுவதும் வினிகர் நெடி. ஊறுகாய் ஜாடிக்குள் படுத்திருப்பது போல இருந்தது. இரண்டு நாளில் போய்விடும் என்றார், போயும் விட்டது. அந்த நெடிதான் பிரச்சினை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் ஒட்டியது சிலிக்கான் பசையால்; வினிகர் நெடி அடிக்கும் அந்த வகை காயும்போது அமிலத்தை விடும். அது கண்ணாடியின் பின்பக்க ரசத்தை அரிக்கும். கண்ணாடி ஒட்டுவதற்கென்றே நெடியில்லாத நியூட்ரல் சிலிக்கான் இருக்கிறது. ஐப்பசி மழை முடிவதற்குள் என் கண்ணாடியில் பசை வைத்த இடமெல்லாம் கருந்திட்டுகள்.

அதற்கு முன்பே கதவுகள் மக்கர் செய்யத் தொடங்கின. உள்பக்கக் கதவின் கண்ணாடியில் முன்கதவு உரசி, நெடுக ஒரு கீறல். கைப்பிடிக் குழியையும் சேர்த்து மூடி ஒட்டியிருந்ததால், உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்தித்தான் கதவைத் தள்ள வேண்டும். முகம் பார்க்க வாங்கியதில் கைரேகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மதியம் முன்கதவின் கீழ்ச் சக்கரம் உடைந்து, கதவு ஒருபக்கம் சாய்ந்து, கண்ணாடி மூலையிலிருந்து விரிந்து கொட்டியது. பின்பக்கம் பிலிம் ஒட்டிய கண்ணாடியாக இருந்தால் சில்லுகள் அதிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். நல்ல வேளை, என் மாமியார் அப்போது சமையலறையில் இருந்தார்.

ஆசாரியை வரவழைத்தேன். மற்றொரு கதவிலிருந்து கண்ணாடியைப் பெயர்த்தெடுத்தார், கூடவே மைக்காவும் உரிந்து வந்தது. வெறும் கதவைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, தன் எடையைக் கழித்தார். 23 கிலோ. "நான் போட்டது 30 கிலோ தாங்கும் சக்கரம் அம்மா" என்றார். 4 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ. 21 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோ. சக்கரம் உடையாமல் என்ன செய்யும்? கதவுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியோ 6 மி.மீ.தான், கண்ணாடியும் பசையும் சேர்ந்தே அதைத் தின்றுவிட்டன.

ஆம், 4 மி.மீ. உடைந்த துண்டை ஆசாரி அளந்து காட்டினார். 5 என்று காசு வாங்கிவிட்டு 4 ஒட்டியிருக்கிறார். அந்த மோசடியால் கதவுக்கு ஐந்து கிலோ பாரம் குறைந்தது என்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே தள்ளுபடி.

கடைக்குப் போன் செய்தால், கதவு செய்த ஆசாரியின் தவறு என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். முதலில் கேட்டது பில். என்னிடம் இருந்ததோ ஜிஎஸ்டி எண்ணும் முத்திரையும் இல்லாத, பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டு. அதில் கண்ணாடியின் தடிமனும் இல்லை. 6,000 ரூபாய் கொடுத்த நான் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது முன்கதவில் மட்டும் ஓர் அடி அகலத்துக்கு, பிலிம் ஒட்டிய 4 மி.மீ. கண்ணாடி, ஏழு கிலோவுக்கும் குறைவு. சக்கரத்தையும் ஆசாரி கனமானதாக மாற்றிவிட்டார். கொசுவம் தெரிகிறது, அது போதும். உள்பக்கக் கதவில் மைக்கா உரிந்த திட்டுகள் அப்படியே இருக்கின்றன.

போன வாரம் அந்தக் கடையிலிருந்து போன் வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்து எடுத்தேன். "அக்கா, மீதி 2,400 எப்போது தருவீர்கள்?" என்றார்.